கட்டாயமாகக் காட்டப்பட்டவை: அரசின் குறும்படக் கண்ணும் கம்பம் பள்ளத்தாக்கும்

பிரமோத் பதி எடுத்த 'ட்ரிப்' (1970) நான்கு நிமிடப் படம். பம்பாய் நகரத்து ஜனங்களின் அன்றாடம்தான் அதன் விஷயம். நிஜ மனிதர்களைப் பொம்மைகளைப் போல நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாகப் பிடிக்கிற 'பிக்ஸிலேஷன்' உத்தியில் எடுக்கப்பட்டது. கனடாவில் நார்மன் மெக்லாரன் 1952-ல் 'நெய்பர்ஸ்' படத்தில் பிரபலமாக்கிய உத்தி இது. பதி பிராக் நகரத்தில் பொம்மைப் படக் கலையைப் பயின்று வந்தவர். ஆகவே மனிதர்களையும் பொம்மைகளாகப் பார்க்க அவரால் முடிந்தது. நடப்பது, நிற்பது, போவது, வருவது எல்லாமே துள்ளித் துள்ளி நகர்கின்றன. பழகிப்போன காரியங்கள் திடீரென்று விநோதமாகத் தெரிகின்றன. இதுதான் சோதனைப் படம்.

இதற்குப் பணம் போட்டது தனியார் யாரும் இல்லை. 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன். அணைக்கட்டையும் உரமூட்டையையும் ஐந்தாண்டுத் திட்டத்தையும் காட்டி நம்மைத் தூங்கவைத்த அதே இலாகா, 1965-க்குப் பிறகு சில வருஷங்கள் வேறு மாதிரி இருந்தது. பாரிஸில் யுனெஸ்கோவில் இருந்த ஜான் பவுனகரி ஆலோசகராக வந்து சேர்ந்தார். இளம் இயக்குநர்களுக்குக் கொஞ்சம் கயிற்றைத் தளர்த்திவிட்டார்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-ல் 'ஐ ஆம் 20' எடுத்தார். சுதந்திரத்தோடு கூடவே பிறந்த இளைஞர்களை நேரே பேசவிட்ட படம். கே.எஸ். சாரியும் டி.ஏ. ஆபிரகாமும் அதே வருஷம் 'ஃபேஸ் டு ஃபேஸ்' எடுத்தார்கள். சுக்தேவ் 'இந்தியா 67' எடுத்தார். அதில் விளக்கவுரையே கிடையாது. வெறும் காட்சிகளும் ஓசைகளும்தான். பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' 1968-ல் வந்தது. ஏழு நிமிடத்தில் நடனம், விஞ்ஞானக்கூடம், பக்தி, இளைஞர் கூட்டம் என்று வெட்டி வெட்டி அடுக்கிய படம்.

இந்தப் படங்கள் இப்போது இந்தியச் சோதனை சினிமாவின் தொடக்கப் பிரதிகளாகத் திரைப்பட விழாக்களில் கொண்டாடப்படுகின்றன. கொண்டாடட்டும். எனக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. 'மனிதர்களின் அன்றாட நடத்தையைச் சும்மா பார்ப்பது' என்று ஒரு காரியம் இருக்கிறதா? பார்க்கிற கண் யாருடையது, பார்க்கப்படுகிறவர் யார், அவர் முன்பே யாரால் எப்படிப் பார்க்கப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு அந்த நான்கு நிமிடத்தைப் பேச முடியுமா? இதைப் பம்பாயிலிருந்து கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேட்டால் கிடைப்பது வேறு.

முதலில் கொட்டகைக்குள் போய்விடுவோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-ல், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 44-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படத்தை இரண்டாயிரம் அடி வரை ஓட்டியே தீரவேண்டும். வெள்ளைக்காரன் தன் யுத்தத்துக்காகப் போட்ட விதி. போர் முடிந்ததும் விதி காலாவதியானது. ஆனால் சுதந்திர அரசாங்கம் அதைத் தூசிதட்டி எடுத்து, தியேட்டர் லைசென்ஸ் நிபந்தனையாக்கிக்கொண்டது. ஓட்டாவிட்டால் லைசென்ஸ் இல்லை. ஓட்டுவதற்குத் தியேட்டர்காரரே வாடகையும் கட்டவேண்டும். பம்பாயில் தயாராகி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் குரல் சேர்க்கப்பட்டு, பெட்டி பெட்டியாக இந்தியா முழுக்கச் சுற்றிய இந்தப் படங்கள் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் கொட்டகைகளுக்கும் வந்தன. மக்கள் கேட்டு வாங்கிய சினிமா இல்லை இது. ரேஷன் மாதிரி, 'போடப்பட்ட' சினிமா.

எங்கள் பக்கத்தில் இந்தப் படங்கள் அத்தனைக்கும் ஒரே பெயர்தான்: 'நியூசு'. உர விளம்பரமானாலும் சரி, பிரதமர் பயணமானாலும் சரி, சோதனைப் படமானாலும் சரி. கொட்டகைக்கு ஓட்டமும் நடையுமாக வருகிறவர் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்பார். "என்னப்பா, படம் போட்டாச்சா?" "இல்லண்ணே, நியூசுதான் ஓடுது, மெதுவா வாங்க." அந்த 'மெதுவா வாங்க'வுக்குள் ஒரு அரசியல் விமர்சனமே இருக்கிறது என்று பிற்பாடு தோன்றியது. டூரிங் டாக்கீஸில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் குட்டைச் சுவர். மணலைக் குவித்து மேடுகட்டி உட்காருவது, அடுத்தவன் மறைக்கிறான் என்று சண்டை, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, கடலை, முறுக்கு. திரையில் அரசாங்கம் இந்திய ஜனங்களின் அன்றாடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கீழே இந்திய ஜனங்கள் தங்கள் அன்றாடத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றை மற்றொன்று கவனிக்கவே இல்லை.

சின்ன வயசில் அப்படி ஒருநாள் பேச்சே இல்லாத ஒரு 'நியூசு' ஓடியது ஞாபகம் இருக்கிறது. ஜனங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வழக்கமாகக் கணீரென்று வருகிற குரல் வரவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து தரை டிக்கெட்டிலிருந்து விசில் கிளம்பியது. சவுண்டு பாக்ஸ் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த என் சித்தப்பா மட்டும், "எதுக்குடா இவிங்களப் படம் புடிச்சிருக்கான்? என்ன தப்பு பண்ணாய்ங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஜோக் இல்லை என்று புரிவதற்கு எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஒருவனைக் காரணமில்லாமல் உற்றுப் பார்க்கிறார்கள் என்றால் அவன் ஏதோ தப்பு செய்திருக்கவேண்டும். இந்தத் தர்க்கம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது?

குற்றப் பழங்குடிகள் சட்டம். ஊர் வழக்கில் ரேகைச் சட்டம். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு முழுச் சமூகத்தையும் அறிவிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் இது. மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்கள்மீது 1910களின் கடைசியில் இது பாய்ந்தது. வயதுவந்த ஆண்களின் கைரேகையைப் பதிவுசெய்தார்கள். இரவானால் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ போலீஸ் பார்வையில் போய்ப் படுக்கவேண்டும். வெளியூர் போவதற்கு ராதாரிச் சீட்டு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்த ஊரும் உசிலம்பட்டிச் சீமையும் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றாலும், கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த குடும்பங்களையும் பதிவேடு விடவில்லை. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல்தான் ரத்தானது.

பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எப்போது தூங்கினான், எப்போது எழுந்தான், யார் வீட்டுக்குப் போனான், எந்த வழியாகத் திரும்பினான். சுருக்கமாகச் சொன்னால், அன்றாட நடத்தை. ஒரு சமூகத்தின் மிகச் சாதாரணமான அசைவுகளை, எந்தக் கதையும் இல்லாமல், நாள்தோறும் குறித்துவைத்த முதல் 'ஆவணப்படம்' போலீஸ் பதிவேடுதான். ஃபூக்கோ 1975-ல் 'கண்காணிப்பும் தண்டனையும்' எழுதி, பார்க்கப்படுவதே தண்டனையாகிற நவீன அதிகாரத்தை விளக்கினார். சிறையின் மதில்சுவருக்கு வெளியே, ஊர்ச் சாவடியில் துண்டை விரித்துப் படுத்த மனிதர்கள் அந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமல் கற்றுக்கொண்டவர்கள். ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து தப்பி வந்து ஊருக்குள் குடியேறிய ஒரு சொல்லும் உண்டு: 'கேடி'. 'தெரிந்த கொள்ளையன்' என்ற இங்கிலீஷ் போலீஸ் வார்த்தைகளின் இரண்டு முதலெழுத்து அது. இன்றைக்குத் தாய் தன் பிள்ளையைச் செல்லமாகத் திட்டுகிற சொல்.

பதிவேடு மூடி இரண்டே வருஷத்தில் அடுத்த கண் வந்தது. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1949-50-ல் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கிக் களப்பணி செய்து, 1957-ல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். உறவுமுறை, கல்யாணம், சாமி, சடங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. அவரைப் போலீஸ்காரரோடு சேர்த்துக் கட்டுவது என் நோக்கமில்லை. அது அபாண்டம். ஆனால் குறிப்பேட்டோடு ஒரு வெளியாள் வந்து, "நீங்க தினமும் என்ன செய்றீங்க?" என்று கேட்கும்போது, கேட்கப்பட்டவருடைய உடம்பு எதை நினைத்துக்கொண்டிருக்கும்? அரை நூற்றாண்டுக்குப் பிறகு கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன், 2009-ல் வந்த தன் ஆங்கில நூலில் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். போலீஸ், பள்ளிக்கூடம், விவசாயம் எல்லாமாகச் சேர்ந்து 'திருத்த' முயன்ற மனிதர்கள், அந்தத் திருத்தலைத் தங்கள் மனசுக்குள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதே அவருடைய கேள்வி.

இங்கே நிறுத்தினால் கட்டுரை ஒரு சாதிக்கு அனுதாப மாலை போட்டதாக முடிந்துவிடும். அது பாதி உண்மை. பார்க்கப்பட்டவர்களே இன்னொரு பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்களாகவும் இருந்தார்கள். சேரிக்காரர் எந்தத் தெருவில் எப்படி நடக்கிறார், வேட்டியை எந்த உயரத்தில் கட்டுகிறார், செருப்பு போட்டிருக்கிறாரா, துண்டு தோளில் இருக்கிறதா கக்கத்தில் இருக்கிறதா என்று அன்றாட நடத்தையைக் கண்காணிக்கப் பதிவேடு எதுவும் தேவைப்படவில்லை. ஊரே கண்ணாக இருந்தது. ஆதிக்கச் சாதிகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. 1989-ல் போடியில் வெடித்த கலவரத்தையும் அதில் எரிந்த வீடுகளையும் இந்தப் பார்வையின் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. தன்னை யாரும் உற்றுப் பார்க்காமல் நடக்கும் உரிமையைக் கேட்டவர்கள்மீது நடந்த கலவரம் அது.

இப்போது சோதனைப் படத்துக்கு வருவோம். ஒரு மனக்கணக்கு. பதி தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு 1970-ல் தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்கு வந்திருந்தால் என்ன எடுத்திருப்பார்? பாய்லரிலிருந்து ஆவி. மாஸ்டரின் கை ஏறி இறங்குகிறது. பெஞ்சில் நாலு பேர் பேப்பர் படிக்கிறார்கள். வெளியே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தாழ்வாரத்து ஆணியிலிருந்து ஒருவர் தானே தம்ளரை எடுத்து, தானே கழுவி, நீட்டிப் பிடிக்கிறார். டீ உயரத்திலிருந்து விழுகிறது. குடித்துவிட்டுத் திரும்பவும் தானே கழுவி மாட்டுகிறார். பிக்ஸிலேஷனில் இதைத் துள்ளவிட்டால் அற்புதமாக இருக்கும். சட்டகத்துக்குச் சட்டகம் தம்ளர்கள் தாவும். பார்க்கிறவர், 'ஆகா, மனிதன் எவ்வளவு இயந்திரமாகிவிட்டான்' என்று தத்துவம் பேசலாம். ஆனால் பெஞ்சில் குடிக்கிற தம்ளர் எது, ஆணியில் தொங்குகிற தம்ளர் எது என்கிற வித்தியாசம் அந்த வேகத்தில் கரைந்துபோயிருக்கும். இரட்டை டம்ளர், 'மனித நடத்தை' ஆகிவிடும்.

பிரெக்ட் 'கெஸ்டுஸ்' என்று ஒரு கருத்தைச் சொன்னார். ஈயை விரட்டக் கையை வீசுவது வெறும் அசைவு. நாயை விரட்டக் கை வீசுகிறவன் கந்தல் உடுத்தியவனாக இருந்தால், வாசற்காவல் நாய்களோடு அவன் நடத்துகிற தினசரி யுத்தம் அந்த அசைவில் தெரியவேண்டும். அப்போதுதான் அது கெஸ்டுஸ். சமூக உறவு உறைந்துபோன அசைவு. அன்றாடத்தைப் பார்க்கிற குறும்படத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல் இதுதான். அது அசைவைக் காட்டுகிறதா, கெஸ்டுஸைக் காட்டுகிறதா? ஃபிலிம்ஸ் டிவிஷன் சோதனையாளர்கள் உபதேசக் குரலைக் கழற்றி எறிந்தார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் குரல் போனாலும் நாற்காலி போகவில்லை. பார்க்கிறவர் உட்கார்ந்திருந்த இடம் அரசின் இடமாகவே இருந்தது. எமர்ஜென்சி வந்தபோது இதற்கு நிரூபணம் கிடைத்தது. ஓசைகளையும் முகங்களையும் மட்டுமே நம்பி 'இந்தியா 67' எடுத்த அதே சுக்தேவ், 1976-ல் 'தண்டர் ஆஃப் ஃப்ரீடம்' என்று எமர்ஜென்சிக்கு ஆதரவான படம் எடுத்தார். கெட்டிக்காரக் கேமரா, நல்ல வெட்டு, கட்டாயக் காட்சி. அவர் 1979-ல் இறந்தார், பதி அதற்கு முன்பே 1975-ல்.

பார்க்கப்படுகிறவர் திருப்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. ஜான் ரூஷும் எட்கர் மொரானும் 1960-ல் பாரிஸில் சாதாரண ஜனங்களைப் படம்பிடித்தார்கள். எடுத்ததை அவர்களுக்கே போட்டுக்காட்டி, 'இது நாங்கள் இல்லை', 'இவள் நடிக்கிறாள்' என்று அவர்கள் பேசிய பேச்சையும் படத்திலேயே சேர்த்தார்கள். லூயி மால் இந்தியா வந்து எடுத்து 1969-ல் வெளிவந்த தொடரின் முதல் பகுதிக்கு 'சாத்தியமற்ற கேமரா' என்றே பெயர். போகிற இடமெல்லாம் ஜனங்கள் கேமராவை முறைத்துப் பார்க்கிறார்கள். அவர் அதை வெட்டி எறியவில்லை. இரண்டாம் பகுதி முழுக்க மதராஸ். பி.பி.சி. இந்தத் தொடரை ஒளிபரப்பியதற்காக இந்திய அரசு 1970-ல் டில்லி பி.பி.சி. அலுவலகத்தையே மூடவைத்தது. தன் ஜனங்களைத் தான் மட்டும்தான் பார்க்கலாம் என்கிற ஏகபோகம் அரசுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாரதிராஜாவும் இளையராஜாவும் புறப்பட்டுப் போனதைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அல்லிநகரமும் பண்ணைப்புரமும் தமிழ் சினிமாவின் 'கிராம'மாகவே ஆயின. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். அங்கே எதிரே நின்று கேட்டவர்கள் தோட்டத் தொழிலாளிகள். அந்த முகங்கள் வெள்ளித்திரைக் கிராமத்துக்குள் வந்து சேர மிகவும் தாமதமாயிற்று.

அந்தத் தாமதத்துக்கு நடுவில் மதுரையில் ஒரு சின்னப் படம் வந்தது. ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003). ஒரு பெண் தெருவில் கிடக்கிற மலத்தைக் கூட்டி அள்ளுகிறார். கேமரா கூடவே போகிறது, அவ்வளவுதான் படம். அன்றாட நடத்தையைப் பார்க்கிற படம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். உத்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. விலகிக்கொள்ள இடம்தான் தரவில்லை. அந்தப் பெண் வேலை செய்துகொண்டே பேசுகிறார். கேமரா பார்க்கிறது, அவரும் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். விளக்குமாற்றின் ஒவ்வொரு வீச்சும் கெஸ்டுஸ். இதைப் பார்த்துவிட்டு யாரும் 'மனித நடத்தை' என்று பொதுவாகப் பேசிவிட முடியாது. எந்த மனிதர், யாருடைய மலம் என்று கேட்டே ஆகவேண்டும்.

பள்ளத்தாக்கிலிருந்தே கிளம்பிய பதில் 2018-ல் வந்தது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. குறும்படம் இல்லை, முழுநீளப் படம். ஆனால் அதன் முதல் பாதி, கதைப்படம் என்பதைவிட அன்றாடத்தைக் கவனிக்கிற படம்தான். விடியுமுன் எழுவது, மலையேறுவது, ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து இறங்குவது, வழியில் கும்பிட்டுப் போகிற கல், டீக்கடைப் பேச்சு. உள்ளூர் முகங்கள் நிறைய. ஒளிப்பதிவு செய்த தேனி ஈஸ்வர் இந்த மண்ணுக்காரர். யாரும் யாரையும் 'பதிவு' செய்வதாகத் தோன்றவில்லை. மூட்டையின் எடையை அறிந்த கண் அது.

மலைக்காட்டில் இன்னொரு பழைய பார்வைக்காரரும் உண்டு. கங்காணி. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களை ஆண்ட இந்தச் சொல் தமிழின் 'கண்காணி'தான். கண்ணால் காண்பதே உத்தியோகம். விடிகாலையில் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் அடைந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் கேளுங்கள். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிற நேரத்தை யார் எண்ணுகிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள்.

லெனின் பாரதியின் ரங்கசாமி வாழ்நாள் பூராவும் ஆசைப்பட்டது ஒரு துண்டு நிலத்துக்கு. கிடைக்கிறது, பறிபோகிறது. கடைசியில் தன்னுடையதாக இருந்த அதே நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கு அவர் வாட்ச்மேன். பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். கேமரா மேலே மேலே போகிறது, அவர் சிறுத்துக்கொண்டே போகிறார். சித்தப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் விசிலடித்திருக்க மாட்டார்.

2022-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். 'எக்ஸ்ப்ளோர'ரை இன்று யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாம், கட்டாயம் ஏதுமில்லை. கம்பத்திலோ சின்னமனூரிலோ நண்பர்கள் யாராவது ஒரு சாயங்காலம் இந்தப் படங்களை 'பீ'யோடு சேர்த்துத் திரையிட்டால் நல்லது. பழைய தரை டிக்கெட்காரர்களையும் ஏலத்தோட்டத்துப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்யலாம். ரூஷ் செய்தது அதுதான். வெளியே பீடி குடிக்கப் போகிறவர்கள் பேசுவதையும் விட்டுவிடாதீர்கள்.